பயத்தை ரத்தம் காட்டிக் கொடுக்குமா?

சர்க்கரை வியாதியை ரத்தம் காட்டிக் கொடுக்கிறது. ரத்தசோகையைக் காட்டிக் கொடுக்கிறது. மலேரியாக் காய்ச்சலையும் காட்டிக் கொடுக்கிறது. அப்படியானால், மனத்துக்குள் புகுந்துகொண்டு ஆளை வாட்டும் பயத்தையும் அது காட்டிக் கொடுக்குமா? சிறிது ரத்தத்தை எடுத்துப் பார்த்து, “இவருக்குப் பதற்ற நோய் இருக்கிறது, அவருக்கு இல்லை” என்று டாக்டர் சொல்லிவிட முடியுமா?

உலகத்தின் பல ஆராய்ச்சிக் கூடங்களில் இந்தக் கேள்விக்கு விடை தேடி வருகிறார்கள். பாதி விடை கிடைத்திருக்கிறது. விஞ்ஞானத்தில் பாதி விடை கிடைப்பது நல்ல செய்திதான். ஆனால் பாதி விடையை முழு விடை என்று நம்பிக் காசைக் கொட்டினால் குடும்பத்துக்கு நஷ்டம். ஆகவே, இதுவரை தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. முக்கியமாக, மண்டபம் போன்ற கடற்கரை ஊர்களில்.

இரு கடல்களுக்கு நடுவே

ராமேசுவரம் செல்லும் ரயில் கடலைத் தாண்டுவதற்கு முன்னால் வரும் ஊர் மண்டபம். வடக்கே ஒரு கடல். தெற்கே ஒரு கடல். வடகடல் பாக் விரிகுடா. தென்கடல் மன்னார் வளைகுடா. விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் மீன் பிடிக்கிறவர்கள், தீவுகளின் ஓரத்தில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், கருவாடு காய வைக்கிறவர்கள் என்று ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பு கடலை நம்பித்தான்.

கடல் சோறு போடுகிறது. கவலையையும் சேர்த்துத்தான் போடுகிறது. 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அலையில் சிக்கியது. அந்த இரவைப் பற்றிப் பாட்டிமார் சொன்ன கதை இன்றும் இந்தக் கரையில் மறக்கவில்லை.

மண்டபம் முகாமுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பிரிட்டிஷ்காரர் காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களைத் தொற்று நோய்க்குப் பயந்து நிறுத்தி வைத்துப் பரிசோதித்த இடம் அது. 1983-ம் ஆண்டு கலவரத்துக்குப் பிறகு, அதே இடத்தில் இலங்கையிலிருந்து படகேறி வந்த தமிழ் அகதிகள் தங்கினார்கள். போர் நடந்த ஆண்டுகளில் பலமுறை வந்தார்கள். 2022-ம் ஆண்டு இலங்கையில் விலைவாசி நெருப்பாக ஏறியபோது மறுபடியும் சில குடும்பங்கள் வந்து இறங்கின.

மீனவர் வீடுகளின் கவலை இன்னொரு வகை. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை 2024-ம் ஆண்டில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களைக் கைது செய்தது. கடலுக்குப் போனவர் குறித்த நேரத்தில் திரும்பவில்லை என்றால், புயலா, எஞ்சின் கோளாறா, கைதா என்று தெரியாமல் வீடே தவிக்கிறது. சம்மாட்டிக்குப் படகுக் கடன் கவலை. கூலிக்குப் போகிறவருக்கு அன்றாடப் பாட்டுக் கவலை.

இவ்வளவு கவலை இருந்தால் எல்லாரும் நோயாளிகளா? இல்லை. அங்கேதான் முதலில் ஒரு கோடு போட வேண்டும்.

பயம் வேறு, பயநோய் வேறு

பயம் கெட்டதல்ல. இயற்கை மனிதனுக்குத் தந்த காவல்காரன் அது. பாம்பைக் கண்டதும் காலைப் பின்னால் இழுப்பதும், வானம் கறுத்ததும் படகைக் கரைக்குத் திருப்புவதும் பயத்தினால்தான். அந்த நேரத்தில் அட்ரினலின் முதலிய சுரப்பு நீர்கள் ரத்தத்தில் பாய்கின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. கை கால்களுக்கு ரத்தம் ஓடுகிறது. ஆபத்து விலகியதும் எல்லாம் அடங்கி விடுகிறது.

திருடன் போன பிறகும் காவல்காரன் விடிய விடியக் கத்திக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் பதற்ற நோய். காரணம் இல்லாமல், அல்லது காரணத்துக்கு மிஞ்சி, வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் பயம் நீடிக்கிறது. தூக்கம் கெடுகிறது. சாப்பாடு இறங்குவதில்லை. வேலை ஓடுவதில்லை. சிலருக்குத் திடீரென்று நெஞ்சு அடைப்பது போலத் திகில் வருகிறது. “இதோ சாகப் போகிறேன்” என்று தோன்றுகிறது. சில நிமிஷங்களில் அது அடங்குகிறது. ஆனால் “மறுபடியும் வந்துவிடுமோ?” என்ற கவலை மட்டும் போவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி, 2019-ம் ஆண்டில் உலகத்தில் சுமார் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்தது. மனநோய்களில் இதுவே மிகவும் சாதாரணமாகக் காணப்படுவது. ஆனால் நாலு பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. நம் நாட்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015, 2016-ம் ஆண்டுகளில் பன்னிரண்டு மாநிலங்களில் கணக்கு எடுத்தது. தமிழ்நாடும் அதில் சேர்ந்தது. பதற்றம், மனச்சோர்வு போன்ற நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள் என்று அந்தக் கணக்கு சொல்லியது.

ஏன் இப்படி? பதற்ற நோய் மாறுவேஷம் போட்டு வருவது ஒரு முக்கியக் காரணம்.

“என்னம்மா செய்கிறது?” என்று டாக்டர் கேட்பார்.

“நெஞ்சு படபடன்னு அடிக்குது ஐயா. கை கால் வெடவெடன்னு வருது. ராத்திரியிலே தூக்கம் இல்லே.”

“மனசிலே ஏதாவது கவலை உண்டா?”

“கவலை எல்லாருக்கும் உள்ளதுதானே ஐயா! அதையா நோவுன்னு சொல்றது?”

இந்தப் பேச்சு நடக்காத ஆஸ்பத்திரி கிடையாது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் இதைத்தான் எழுதியிருக்கிறார். மனத்தில் பட்ட காயத்தைத் தமிழ் மக்கள் தலைவலி, நெஞ்சுவலி, உடல் அசதி என்று உடம்பின் பேச்சிலேயே சொல்கிறார்கள் என்று அவர் கண்டார். நோயாளி பொய் சொல்லவில்லை. உடம்பு உண்மையாகவே நோகிறது. அப்படியானால் உடம்பில் ஏதாவது தடயம் இருக்க வேண்டும் அல்லவா? அந்தத் தடயத்தைத் தேடித்தான் விஞ்ஞானிகள் ரத்தத்துக்குள் இறங்கினார்கள்.

உடம்புக்குள் பிடிக்கும் துரு

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று மண்டபத்துக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். உப்புக் காற்று பட்டால் நங்கூரமும் ஆணியும் அரித்துப் போகும். காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் இரும்போடு சேர்வதால் உண்டாவதே துரு. உப்பு அதை விரைவுபடுத்துகிறது. உலகத்தில் இரும்பு மிக வேகமாக அரித்துப் போகும் இடங்களில் பாம்பன் கால்வாயும் ஒன்று. 1914-ம் ஆண்டு திறந்த பழைய பாம்பன் பாலம் நூறு ஆண்டுகளுக்கு மேல் ரயிலைத் தாங்கியது என்றால், ஆட்கள் இடைவிடாமல் சுரண்டி வர்ணம் பூசிக்கொண்டே இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பிராணவாயு இல்லாமல் மனிதன் உயிர் வாழ முடியாது. சாப்பிட்ட சோற்றைப் பிராணவாயுவின் துணையால் எரித்துத்தான் உடம்பு சக்தி பெறுகிறது. அடுப்பு எரிந்தால் தீப்பொறி பறக்கும் அல்லவா? அது போல, இந்த எரிப்பிலும் சில முரட்டு அணுக்கூட்டங்கள் வெளிப்படுகின்றன. அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் அவை தாக்குகின்றன. 1956-ம் ஆண்டு அமெரிக்காவில் டென்ஹாம் ஹார்மன் என்பவர், மனிதனுக்கு முதுமை வருவதற்கே இந்த முரட்டு அணுக்கூட்டங்கள் காரணமாக இருக்கலாம் என்று ஒரு கொள்கை வெளியிட்டார். அதிலிருந்து இவற்றைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்தது.

உடம்பு இதற்குக் காவலும் வைத்திருக்கிறது. இரும்புக் கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். அரிப்பைத் துத்தநாகம் தன்மேல் வாங்கிக்கொண்டு கரையும், இரும்பு பிழைக்கும். உடம்பிலும் குளூட்டாதையோன் போன்ற பொருள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. முரட்டு அணுக்களை அடக்கும் நொதிகளும் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்றை 1969-ம் ஆண்டு மெக்கார்ட், பிரிடோவிச் என்ற இரு அமெரிக்கர்கள் கண்டறிந்து சொன்னார்கள்.

தீப்பொறி அதிகமாகி, காவல் குறைந்து போனால் என்ன ஆகும்? உடம்பின் உயிரணுக்கள் சேதப்படும். இந்த நிலைக்கு ‘ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்’ என்று பெயர். இதை விளக்கிப் பெயர் கொடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் சீஸ் என்ற விஞ்ஞானி. ஆண்டு 1985.

மூளைக்கு இதில் தனி ஆபத்து உண்டு. உடம்பின் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு வாங்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே செலவழிக்கிறது. மூளையில் கொழுப்பும் அதிகம். எரிப்பு அதிகமாகவும், எளிதில் கெடும் பொருள் அதிகமாகவும் உள்ள இடத்தில் துருவும் அதிகமாகும் அல்லவா? பயத்துக்கும் இந்தத் துருவுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற சந்தேகம் இப்படித்தான் பிறந்தது.

சுண்டெலி சொன்ன சாட்சி

2005-ம் ஆண்டு, அமெரிக்காவில் ஹொவாட்டா என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் ஆறு இனச் சுண்டெலிகளை எடுத்துக்கொண்டார்கள். சில இனங்கள் தைரியசாலிகள். திறந்த வெளியில் ஓடித் திரியும். சில இனங்கள் பயந்தாங்கொள்ளிகள். மூலையை விட்டு நகராது. அவற்றின் மூளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆக்ஸிஜனேற்றத்தோடு சம்பந்தப்பட்ட இரண்டு மரபணுக்கள் பயந்த இனங்களில் அதிக வேலை செய்வது தெரிந்தது. அந்த மரபணுக்களின் வேலையைச் செயற்கையாகக் கூட்டினார்கள். சுண்டெலியின் பயமும் கூடியது!

பயம் வெறும் கற்பனை அல்ல. உடம்பின் ரசாயனத்தோடு கட்டுண்டது என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் கதை இங்கே முடியவில்லை. 2012-ம் ஆண்டு வேறு விஞ்ஞானிகள் அந்த இரண்டு மரபணுக்களில் ஒன்றை மீண்டும் ஆராய்ந்தார்கள். அது மூளையை அமைதிப்படுத்தும் ஒரு பொருளைக் குறைத்துவிடுகிறது, பயம் அதனால்தான் கூடுகிறது என்று கண்டார்கள். ‘துரு’ என்று நினைத்த இடத்தில் வேறொரு வழி தென்பட்டது. விஞ்ஞானம் இப்படித்தான் நகர்கிறது. நேற்றுச் சொன்னதை இன்று திருத்திக் கொள்கிறது.

ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

உயிரோடு இருக்கும் மனிதனின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. ஆகவே மூளையில் நடப்பதன் நிழல் ரத்தத்தில் விழுகிறதா என்று பார்க்கிறார்கள். அவர்கள் தேடும் பொருள்கள் முக்கியமாக மூன்று வகை.

முதல் வகை, சேதத்தின் மிச்சங்கள். கொழுப்பு கெட்டுப் போனால் ‘மலோன்டைஆல்டிஹைடு’ என்ற பொருள் உண்டாகிறது. சமையல் எண்ணெய் சிக்கடிப்பதைப் போன்ற காரியம் உடம்புக்குள் நடந்ததன் அடையாளம் அது. மரபணு சேதப்பட்டால் விழும் துணுக்குகளையும் அளக்கலாம். அவை சிறுநீரில் இறங்குகின்றன.

இரண்டாவது வகை, காவல் பொருள்கள். குளூட்டாதையோனும் நொதிகளும் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது வகை, மனச் சுமையோடு சம்பந்தப்பட்ட மற்ற அடையாளங்கள். ‘கார்ட்டிசால்’ என்ற சுரப்பு நீரும், அழற்சியைக் காட்டும் புரதங்களும் இதில் சேரும்.

துருக்கி நாட்டில் 2002-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சிகளில், திகில் நோயும் எண்ணச் சுழல் நோயும் கண்டவர்களின் ரத்தத்தில் மலோன்டைஆல்டிஹைடு அதிகமாக இருப்பதாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு பல நாடுகளில் இதே போன்ற முடிவுகள் வந்தன. கேட்பதற்கு நம்பிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை சிறிய ஆராய்ச்சிகள். சில பத்து நோயாளிகளை, சில பத்து நல்ல உடம்புக்காரர்களோடு ஒப்பிட்டவை.

பிறகு பெரிய ஆராய்ச்சி ஒன்று வந்தது. நெதர்லாந்து நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2017-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். மருந்து சாப்பிடாத பதற்ற நோயாளிகளுக்கும், மனச்சோர்வு நோயாளிகளுக்கும், நோய் இல்லாதவர்களுக்கும் இடையே, அளந்து பார்த்த சேதக் குறிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை! சிறிய வலையில் பெரிய மீன் விழுந்ததாகச் சொன்னார்கள். பெரிய வலையை வீசியபோது அந்த மீனைக் காணோம்.

தீர்ப்புச் சொல்ல ஏன் முடியவில்லை?

காரணங்கள் தெளிவானவை. முதலாவது, இந்தக் குறிகள் பதற்ற நோய்க்கு மட்டும் சொந்தமானவை அல்ல. பீடி குடித்தால் அவை கூடும். சர்க்கரை வியாதி இருந்தால் கூடும். காய்ச்சல், தூக்கமின்மை, வழக்கத்துக்கு மீறிய உழைப்பு எல்லாமே இவற்றை மாற்றும். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுக் கரைக்கு வந்து பீடி பற்ற வைக்கும் ஒருவரின் ரத்தத்தில் இந்தக் குறி அதிகமாக இருந்தால், அது பயத்தினால் வந்ததா, பீடியால் வந்ததா, கண்விழிப்பால் வந்ததா? யாரால் சொல்ல முடியும்? புகையைக் கண்டால் நெருப்பு இருக்கிறது என்று தெரியும். எரிவது வைக்கோலா, வீடா என்று தெரியாது.

இரண்டாவது, முந்தியது எது? உடம்பில் துரு கூடியதால் பயம் வந்ததா, பயத்தினால் தூக்கமும் சாப்பாடும் கெட்டுத் துரு கூடியதா? கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற கதைதான்.

மூன்றாவது ஒரு சாதாரணக் கணக்கு. நூறு பேரில் ஐந்து பேருக்குப் பதற்ற நோய் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நூற்றுக்கு எண்பது தடவை சரியாகச் சொல்லும் ஒரு ரத்தப் பரிசோதனை இருப்பதாகவும் வைத்துக் கொள்வோம். நோயுள்ள ஐந்து பேரில் நாலு பேரை அது பிடித்துவிடும். சரி. நோயில்லாத 95 பேரில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 19 பேரை, “நோயாளி” என்று தவறாகச் சொல்லும். ஆக, 23 பேர் கையில் “நோய் உண்டு” என்ற காகிதம். அதில் 19 பேருக்கு நோயே இல்லை! பயநோய் இல்லாதவருக்கும் அந்தக் காகிதமே பயநோயைக் கொண்டு வந்து விடும்.

இதனால்தான், பதற்ற நோயை இன்னதென்று முடிவு செய்ய எந்த ரத்தப் பரிசோதனையும் இன்றுவரை டாக்டர்களின் நடைமுறையில் இடம் பெறவில்லை. ‘மன அழுத்தப் பரிசோதனை’ என்று ஆடம்பரமான பெயரில் யாராவது ரத்தம் எடுக்க முன்வந்தால், “இதன் முடிவைப் பார்த்து வைத்தியத்தில் எதை மாற்றுவீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பதில் இல்லையென்றால் பணத்தை முடிச்சிலேயே வைத்துக் கொள்ளலாம்.

மாத்திரையும் பாசியும்

பரிசோதனைக்கு அடுத்தபடியாக வருவது மாத்திரை. “துருவைத் தடுத்தால் பயம் போகும், ஆகவே ஆன்டி ஆக்ஸிடென்ட் மாத்திரை சாப்பிடுங்கள்” என்பது ஒரு வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயமாகத் தோன்றுவதெல்லாம் பலிப்பதில்லை.

பின்லாந்து நாட்டில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஒரு பெரிய சோதனை செய்தார்கள். காரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ம் ஆண்டு முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்கு 18 பங்கு கூடியிருந்தது! காரட் தின்பது நல்லது. அதன் சத்தைப் பிழிந்து மாத்திரையாக்கிப் புகை பிடிப்பவர் விழுங்குவது வேறு காரியம்.

மண்டபம் கரையில் கடல்பாசிக்குப் பெயர் உண்டு. கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும், பாசி ஆராய்ச்சி நிலையமும் இங்கே இருக்கின்றன. பாசியில் துருவைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது சோதனைக் குழாயில் தெரிந்த உண்மை. ஆனால் சோதனைக் குழாய் மனிதன் அல்ல. பாசியைச் சாப்பிட்டுப் பதற்ற நோய் தீர்ந்தது என்று மனிதர்களிடம் தகுந்த முறையில் நிரூபணம் ஆகவில்லை. பாசி எடுக்கும் பெண்ணின் வீட்டில் அடுப்பு எரிவதற்கு அது உதவுகிறது. அந்த வருமானம் தரும் நிம்மதி பெரியதுதான். அதற்கு மேல் மந்திரம் ஏதும் பாசியில் இல்லை.

அப்படியானால் ரத்தமே எடுக்க வேண்டாமா?

எடுக்கத்தான் வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. பதற்ற நோயைப் போலவே வேஷம் போடும் உடல் நோய்கள் சில உண்டு. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும், உடம்பு இளைக்கும். ரத்தசோகை இருந்தாலும் மூச்சு வாங்கும், படபடப்பு வரும். சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் நடுக்கம் வரும். இருதயத் துடிப்பில் கோளாறு இருக்கலாம். குடிப்பழக்கம் உள்ளவர் குடியைச் சட்டென்று நிறுத்தினாலும் நடுக்கமும் திகிலும் உண்டாகும். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஆகவே டாக்டர் தைராய்டு, ரத்தத்தின் அளவு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லலாம். இ.சி.ஜி. எடுக்கச் சொல்லலாம். இவை சாதாரணப் பரிசோதனைகள். ‘இது வேறு நோய் அல்ல’ என்று உறுதி செய்து கொள்ளவே இவை. புதிதாக நெஞ்சுவலி வந்தால், “எல்லாம் மனக்கலக்கம்தான்” என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பதற்ற நோயைக் கண்டுபிடிக்க டாக்டரிடம் இருக்கும் சிறந்த கருவி எது? பேச்சுத்தான். 2006-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஏழே கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். கடந்த இரண்டு வாரங்களில் பதற்றமாக இருந்ததா? கவலையை அடக்க முடியாமல் போனதா? இருப்புக் கொள்ளாமல் தவித்தீர்களா? ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று பயந்தீர்களா? இப்படிப் போகிறது அந்தப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மார்க். மொத்தம் 21. பத்தும் அதற்கு மேலும் வந்தால் நன்றாக விசாரிக்க வேண்டும் என்று பொருள். ஊசி இல்லை, செலவு இல்லை, ஐந்து நிமிஷம் போதும். முடிவு சொல்வது பட்டியல் அல்ல. விசாரித்துப் பார்க்கும் டாக்டர்.

ஏர்வாடி தந்த பாடம்

மனநோயைப் பற்றிப் பேசும்போது ராமநாதபுரம் ஜில்லாவில் ஏர்வாடியை மறக்க முடியாது. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ம் தேதி விடியற்காலையில், தர்காவை நாடி வந்தவர்களைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

நாடே பதறியது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பிற்காலத்தில் ஏர்வாடியிலேயே, பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி சர்க்கார் ஏற்பாடு செய்தது. நம்பி வருகிறவரைத் தடுக்காமல், அதே இடத்தில் டாக்டரையும் பார்க்க வைப்பதே அதன் நோக்கம். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்தது.

ஏர்வாடியில் மாண்டவர்களின் நோய் வேறு. பதற்ற நோய் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் நோயாளியின் குடும்பத்தைத் தடுத்து நிறுத்துவது ஒன்றே: வெட்கம். “காற்று கருப்பு பட்டுவிட்டது”, “பயந்த கோளாறு”, “மனசு பலம் இல்லாத ஆள்” என்ற பேச்சுக்கள். திருநீறு பூசுவதும், ஓதிப் பார்ப்பதும், ஜெபிப்பதும் மனத்துக்கு ஆறுதல். அதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் தவறு.

இந்த இடத்தில்தான் ரத்த ஆராய்ச்சியின் உண்மையான லாபம் தெரிகிறது. நோய்க்குப் பெயர் சூட்ட அதனால் இன்னும் முடியவில்லை. ஆனால் பதற்றம் என்பது கோழைத்தனம் அல்ல, பேய் அல்ல, நடிப்பு அல்ல என்று அது நமக்குக் காட்டுகிறது. மூளையும் சுரப்பிகளும் சம்பந்தப்பட்ட உடம்புக் காரியம் அது. சர்க்கரை வியாதிக்காரரைப் பார்த்து, “மனசைத் தைரியமாக வைத்துக்கொள், சர்க்கரை இறங்கிவிடும்” என்று சொல்வோமா? பதற்ற நோயாளியிடம் மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

வீட்டார் செய்யக் கூடியவை

பதற்ற நோய் தீரக் கூடிய நோய். பயிற்சி பெற்றவர்கள் பேசிப் பழக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. பயத்தை எப்படி எதிர்கொள்வது என்று அதில் படிப்படியாகக் கற்றுத் தருவார்கள். மருந்துகளும் உண்டு. அவை ஒரே நாளில் வேலை செய்வதில்லை. சில வாரங்கள் பிடிக்கும். “நாலு நாள் சாப்பிட்டேன், குணமில்லை” என்று நிறுத்திவிடக் கூடாது. குணமானதும் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று விடவும் கூடாது. தூக்க மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. அது பழக்கமாகி ஆளைப் பிடித்துக் கொள்ளும்.

தினமும் நடப்பது, நேரத்துக்குத் தூங்குவது, பீடியையும் குடியையும் விலக்குவது, காப்பி தேநீரைக் குறைப்பது ஆகியவை செலவில்லாத உதவிகள். குடியை நாள்தோறும் பழகியவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நிறுத்த வேண்டும். கீரை, பழம், பருப்பு, மீன் என்று கலந்த சாப்பாடு உடம்பின் காவலுக்குப் போதும். மாத்திரை டப்பி தேவையில்லை.

மண்டபத்தில் இருப்பவர் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் கேட்கலாம். ராமநாதபுரத்தில் 2022-ம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் நடக்கிறது. வெளியே போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். ‘டெலி மானஸ்’ என்ற இந்த அரசாங்க உதவி 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ம் தேதி தொடங்கியது. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் இந்த எண்ணுக்குப் பேச வேண்டும். ஆளைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களின் கையிலும் ஒரு மருந்து இருக்கிறது. இரண்டு வாரமாகத் தூங்காத மனைவியிடம், வலையைத் தொடவே தயங்கும் மகனிடம், போன் மணி அடித்தாலே நடுங்கும் தாயிடம், “என்ன செய்கிறது?” என்று உட்கார்ந்து கேட்பதுதான் அது. பதில் வரும் வரையில் பொறுத்திருக்க வேண்டும்.

ரத்தத்தைக் கொண்டு பயநோயைக் கண்டுபிடிக்கும் நாள் ஒருவேளை வரலாம். அதுவரை, உள்ளே இருப்பதைச் சொல்ல வாயும் கேட்கச் செவியும் இருக்கின்றன. மண்டபம் கரையில் படகு வரத் தாமதமானால் யாரும் சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் படகுக்காரரை விசாரிக்கிறார்கள், தேடிப் போகிறார்கள். ஒருவர் மனத்தில் திசை தப்பி நிற்கும்போதும் அப்படியே விசாரிக்க வேண்டும். தேடிப் போக வேண்டும்.